சீனி ஏறாத பீர்

சங்கரன்கோவிலில் கல்யாணப் பந்தியில் ஆறுமுகச்சாமிக்குப் பக்கத்து இலையில் ஒருமுறை உட்கார்ந்தவர் மறுமுறை உட்கார மாட்டார். தன் இலையில் சோறு விழாமல் கையைக் குறுக்கே நீட்டித் தடுப்பதோடு மனுஷன் விடுவதில்லை. அடுத்த இலையையும் எட்டிப் பார்ப்பார்.

"என்னத்த அள்ளி அள்ளி வைக்கிய? சோறுன்னு நினைச்சியளோ? பூராவும் சீனி. வயித்துக்குள்ள போனா வெல்லப்பாகுதான்."

பாயச வாளியோடு வருகிறவரை அவர் பார்க்கிற பார்வையில் வாளி பாதி வழியிலேயே திரும்பிவிடும். பொரியலையும் கூட்டையும் மட்டும் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டு, மோரைக் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே தன் சுகர் எங்கே இருந்து எங்கே இறங்கியது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாவுச்சத்து என்பது அவர் வாயில் 'கார்ப்' என்றுதான் வரும், அதனால் எங்கள் தெருவில் அவருக்கு 'கார்ப் அண்ணாச்சி' என்று பேர். வைத்தது யாரென்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன்.

ஆள் கெட்டவர் இல்லை. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டிகளிலிருந்து விடியும் முன்னே வந்து இறங்கும் மல்லியையும் பிச்சியையும் ஏலம் கூறி விற்றுக் கொடுப்பது அவர் தொழில். தண்ணீர் தெளித்துக் கனம் ஏற்றின பூவைக் கையில் எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் தள்ளி வைத்துவிடுவார். கொண்டுவந்தது சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. "ஆறுமுகச்சாமி வாயில பொய் வராது" என்று மார்க்கெட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையும்கூட. மார்க்கெட்டுக்குள் மட்டும்.

சுகர் இருப்பது காலில் பட்ட ஒரு சின்னக் காயத்தில்தான் தெரிந்தது. ஆணி கீறின புண், ஆறாமல் அழுகப் பார்த்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சோறு, இட்லி, பரோட்டா எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். குடியை அறவே விடச் சொன்னார். பயந்துபோன ஆறுமுகச்சாமி வீட்டுக்கு வந்து, மனைவி கோமதித்தாயின் தலையில் கை வைத்து, இனி ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவள் அழுதுவிட்டாள். அன்றைக்கே வீட்டில் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோமதித்தாய்க்குச் சோறு என்றால் உயிர். சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பருப்புப் பொடி போட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற பெண்பிள்ளை. காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்ததாகவே கணக்கில்லை. அவளுக்குச் சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர்.

"நீ சாப்பிடேம்ட்டி. உனக்கென்ன வந்துது?" என்று அவர் கேட்டார்.

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க நான் எப்பிடித் திங்கது? எனக்கு இறங்காது."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுபடி ஒருநாளும் கேட்கவும் இல்லை. அவள் தனக்காக இப்படி இருப்பது உள்ளுக்குள் அவருக்குப் பிடித்திருந்தது. கேப்பைக் களி, அவித்த கடலை, கீரை, முட்டை என்று அவருக்கு ஆக்கினதையே அவளும் சாப்பிட்டாள். ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போயின. அவருடைய சுகர் இறங்கியது, புண் ஆறியது. அந்தப் பெருமையில்தான் பந்திக்குப் பந்தி பிரசங்கம் தொடங்கியது.

சோறு போனதைக்கூட ஆறுமுகச்சாமி தாங்கிக்கொண்டார். பீர் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் பெரிய குடிகாரர் இல்லை. வாரத்தில் ஒருநாள், ஏலம் முடிந்த மத்தியானத்தில், நண்பர் பாண்டியராஜோடு உட்கார்ந்து குளிரக் குளிர ஒரு பாட்டில். விடிய விடியக் கத்தின தொண்டைக்கு அது ஒன்றுதான் இதம் என்பது அவர் கட்சி. பாண்டியராஜுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் பேக்கிங் ஷெட். மொட்டுப் பூவைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கிக் கேரளாவுக்கு அனுப்புவார். போன வருஷம் ஒருநாள், அந்த ஷெட்டில் ஒரு பெட்டியைத் திறந்து, பிச்சி மொட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு டின்னை எடுத்தார்.

"பெங்களூர்ல இருந்து மருமவன் கொண்டாந்தது வே. பீருதான். ஆனா கார்ப் கம்மி. உம்ம மாதிரி ஆளுக்குன்னே செஞ்சிருக்கான்."

"சும்மா கதை விடாதேரும்."

"நான் சொன்னா நம்ப மாட்டீரு. டின்னுல போட்டிருக்கான், படிச்சுப் பாரும்."

ஆறுமுகச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டின்னை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பொடி எழுத்தை இரண்டு தடவை படித்தார். போனை எடுத்து இட்லியின் கணக்கையும் பார்த்தார். முழு டின்னையும் குடித்தாலும் ஒரு இட்லியில் பாதிகூடத் தேறாது. டாக்டர் குடியே ஆகாது என்று சொன்னது இருக்கிறதே என்றால், அது மாவுச்சத்துக் கணக்கில் வராது. கோமதித்தாயின் தலையில் செய்த சத்தியமும் அந்தக் கணக்கில் வராது. ஆகவே திறந்தார்.

எவ்வளவோ பேர் எவ்வளவோ குடிக்கிறார்கள். அவர் குடித்த மாதிரி ரசித்து யாரும் குடித்திருக்க மாட்டார்கள். டின் பூராவும் ஐஸ் தண்ணீர் வழிந்தது, பிச்சி மொட்டு ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் மடக்கு மூக்கில் சுருக்கென்று ஏறித் தொண்டையில் குளிர்ந்து இறங்கியது. பழைய பீரின் கனம் இல்லை, கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கசப்பு இருந்தது, நுரை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "கொள்ளாம் வே" என்றார். இத்தனை மாதம் கீரையைத் தின்று கிடந்ததற்கெல்லாம் அந்த ஒரு மடக்கு ஈடு கட்டிவிட்டது.

பிறகு வாயைக் கொப்பளித்து, கிராம்பு மென்று, சுற்று வழியாக வீட்டுக்குப் போனார். கோமதித்தாய் அவித்த கடலையைத் தட்டில் வைத்து, அவர் வருவதற்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். எதிரே உட்கார்ந்து அந்தக் கடலையை அவள் ஒவ்வொன்றாக மென்றதைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைத் தூக்கவே முடியவில்லை. வெட்கப்பட்டவர் அடுத்த வாரம் போகாமல் இருந்தாரா என்றால், போனார். பாண்டியராஜின் மருமகன் கார் வரும்போதெல்லாம் போனார். தெருவில் நாலு பெண்கள் கூடினால், "அவுக இப்பம் குடிக்கதே இல்லக்கா" என்று கோமதித்தாய் சொல்லும் சத்தம் காதில் விழும். அப்போதெல்லாம் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வார்.

இப்படியே போயிருக்கும். இந்த வருஷம் ஆடித்தபசு வந்தது.

எங்கள் ஊரில் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கோயில் பிரகாரத்தை இத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்றி வருவார்கள். அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள், நாம் நடக்கிற நடையின் வலியெல்லாம் அவள் காலுக்குக் கொஞ்சம் ஆறுதல் என்று நம்பிக்கை. தன் பேரையே அம்பாளிடம் வாங்கின கோமதித்தாய், புருஷனுக்குப் புண் ஆறினதற்கும் இனிச் சுகர் ஏறாமல் இருப்பதற்கும் பெரிய எண்ணிக்கையாக நேர்ந்துகொண்டாள். தினமும் சாயங்காலம் நடை திறந்ததும் போய், முடிந்த மட்டும் சுற்றிவிட்டு வருவது. முடிகிறவரை ஒருவேளைச் சாப்பாடு.

"நீங்க ஒண்ணும் நடக்க வேண்டாம், புண்ணு ஆறின காலு. கவுச்சி இல்லாம, வீட்டுல விரதத்த மட்டும் காத்துக் குடுங்க. அது போதும்" என்றாள்.

அவர் சரி என்றார். மனசாரத்தான் சொன்னார். சில நாள் காத்தும் கொடுத்தார். ஆனால் தபசு நேரத்தில் பூவுக்கு இருக்கிற கிராக்கி சொல்லி முடியாது. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. விடியுமுன் கூறத் தொடங்கினால் மத்தியானம் தாண்டியும் தொண்டை ஓயாது. ஆடிக்காற்று வேறு புழுதியை வாரி வாரி வாயில் அடித்தது. அன்று கடையை ஒதுங்க வைத்துவிட்டு நாக்கு ஒட்டிக்கொள்ளப் பாண்டியராஜின் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கத்தான் போனதாக இன்றைக்கும் சொல்கிறார். இருக்கட்டும்.

இரண்டாவது டின்னில் பாதி இறங்கியிருந்தபோது போன் அடித்தது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் முப்பிடாதியம்மாள். ஆறுமுகச்சாமியிடம்தான் தினமும் பூ எடுப்பாள்.

"அண்ணாச்சி, மதினி சுத்தையில மயங்கி விழுந்துட்டாவ. ஓடி வாங்க."

டின்னை வைத்த இடம் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து ஓடினார். கடைவீதிக் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் போனவருக்கு வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: அவள் பிழைத்துக் கிடக்க வேண்டும். கோபுர வாசலில் செருப்பை உதறிவிட்டுப் படியில் ஒரு காலையும் வைத்துவிட்டார். அப்போது ஓடி வந்த மூச்சு வாய்வழியே திரும்பி அவர் மூக்கிலேயே ஏறியது. பீர் வாடை.

வைத்த காலைப் பின்னால் எடுத்தார். அவர் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. ஆனாலும் குடித்த வாயோடு அம்பாள் நடைக்குள் போக அவருக்குத் துணிவு வரவில்லை. அதுவும் தபசு நேரத்தில், அதுவும் அவள் தனக்காக நடந்து விழுந்து கிடக்கிற இடத்துக்கு. தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

முப்பிடாதியம்மாள் உள்ளே இருந்து ஓடி வந்தாள். "கண்ணு முழிச்சுட்டாவ அண்ணாச்சி. அங்கன மண்டபத்துல படுக்க வச்சிருக்கு. உங்களத்தான் கேக்காவ. வாங்க."

அவர் அசையவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் இன்னும் ஓரடி பின்னால் போனார்.

"என்ன அண்ணாச்சி, பொண்டாட்டி விழுந்து கிடக்கா, நீங்க இங்கன நிக்கிய?"

போகிற வருகிற பெண்கள் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். துண்டுக்குள் இருந்தபடியே ஆறுமுகச்சாமி சொன்னார்: "நான் உள்ள வரக்கூடாது. துட்டி. திருவேங்கடத்துல பெரியப்பா தவறிட்டாரு. இப்பத்தான் சேதி வந்துது."

சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் ஆசுவாசமாகக்கூட இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்காரன் கோயிலுக்குள் போகக்கூடாதுதான், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் யோசித்தார். பொய் சொல்லிப் பழகாதவன் சொல்கிற பொய் இப்படித்தான் அரைகுறையாக இருக்கும். முப்பிடாதியம்மாள் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

"கூடப்பொறந்த பெரியப்பாவா? உங்க அப்பாகூட?"

"ம்."

"அப்பம் மதினிக்கும் தீட்டுல்லா? தீட்டோடயா சுத்துனாவ?"

பங்காளி வீட்டுச் சாவு புருஷனோடு நிற்காது, பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆறுமுகச்சாமிக்கும் தெரியும். பயத்தில் மறந்துவிட்டார். பூவில் ஈரத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குத் தன் வாயில் இருந்து என்ன வந்தது என்று தெரியவில்லை. அவர் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வாயில் பொய் வராது என்று பேர் எடுத்தவர் ஆயிற்றே, யாருக்குச் சந்தேகம் வரும்?

இரண்டு பெண்கள் கோமதித்தாயைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்கள். கூட்டி வந்தார்கள் என்பதைவிட, தீட்டுக்காரியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்து விட்டார்கள் என்பதுதான் சரி. முகத்தில் தெளித்த தண்ணீரில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. வாசலுக்கு வெளியே கல்லில் உட்கார வைத்தார்கள். பின்னால் யாரோ, "அதான் அம்பாள் தள்ளிவிட்டுட்டா" என்றது எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

திருவிழாவுக்காகப் பந்தலில் இருந்த நர்ஸ் பெண் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்னம்மா சாப்பிட்டீங்க இன்னைக்கு?"

"கொஞ்சம் கடலை. அவுகளுக்கு அவிச்சதுல."

"உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இல்லம்மா. அவுகளுக்குத்தான்."

நர்ஸ் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து நீட்டினாள். கோமதித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சீனி போட்டதா? வேண்டாம்மா. எங்க வீட்டுல அது தொடுறதில்ல."

நர்ஸ் நிமிர்ந்து ஆறுமுகச்சாமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இந்த ஊரில் சாவு வீட்டில்கூட அவர் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

கோமதித்தாய் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் படபடவென்று அடித்துக்கொண்டாள். "தாயே, எனக்குத் தெரியாதே! தெரிஞ்சா உள்ள கால் வச்சிருப்பனா?" பிறகு மார்பில் கை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "மாமா! போன மாசம் வந்தியளே! வயசான மனுசனுக்கு ஒரு பிடி சோறு போட வீட்டுல அரிசி இல்லாம, களியக் கிண்டிப் போட்டு அனுப்புனேனே! ஒண்ணும் சொல்லாமத் தின்னுட்டுப் போனியளே மாமா!"

பக்கத்து ஊர் திருவேங்கடத்தில் அந்தப் பெரியப்பா அநேகமாக அந்நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்காக இங்கே ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆறுமுகச்சாமிக்குக் காலடியில் பூமி பிளக்காதா என்று இருந்தது. இதற்குள் அவள் அவர் பக்கம் திரும்பி, கண்ணீரோடு கேட்டாள்:

"ஏங்க, உங்களுக்கு நல்லாவணும்னுல்லா நடந்தேன். தீட்டோட நடந்தது உங்க மேல திரும்பிருமா? ஐயரக் கேளுங்க. பரிகாரம் எதாவது உண்டான்னு கேளுங்க."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வாயில் இருந்த துண்டை எடுத்தார்.

"யாரும் சாவல கோமதி. பெரியப்பா நல்லாருக்காரு."

அழுகை நின்றது.

"நான் குடிச்சிருக்கேன். அதான் உள்ள வரல. சொல்லக் கூசிப்போயி துட்டின்னு சொல்லிட்டேன்."

"என்னத்த குடிச்சிய?" முப்பிடாதியம்மாள்தான் கேட்டாள். அவளால் நம்ப முடியவில்லை.

"பீரு." அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷம், நாக்கு தானாகவே தொடர்ந்தது: "கார்ப் கம்மி. சீனி ஏறாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. பந்தியில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ. நர்ஸ் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுமுகச்சாமியின் காதெல்லாம் சிவந்து கொதித்தது. அடி விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கோமதித்தாய் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "நெசமா யாரும் சாவலையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எம் மேல சத்தி..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையை நீட்டி, அவர் சட்டைப் பையில் இருந்த போனைத் தானே எடுத்தாள். திருவேங்கடத்துக்குப் போட்டாள். அந்தப் பக்கம் வறட்டு இருமலோடு ஒரு கிழக்குரல், "ஏலே ஆறுமுகம், என்னல?" என்றது.

"மாமா, நான் கோமதி பேசுதேன். நல்லாருக்கியளா மாமா? சாப்பிட்டியளா? ஒண்ணும் இல்ல, சும்மாத்தான் கேட்டேன்."

போனை அவர் கையில் கொடுக்காமல் கல்லின்மேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முப்பிடாதியம்மாளைப் பார்த்தாள்.

"அப்பம் எனக்குத் தீட்டு இல்லல்லா முப்பிடாதி? இதுவரை சுத்துனது செல்லும்லா?"

"செல்லும் மதினி. ஏன் செல்லாது?"

நர்சிடம் கையை நீட்டிச் சர்க்கரைத் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்றும் கலக்கச் சொல்லிக் குடித்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. ஆறுமுகச்சாமி கிட்டே வந்தார். வாடை அடிக்குமே என்று மறுபடி ஒதுங்கினார்.

"வீட்டுக்குப் போவோம் தாயி. ஆட்டோ பிடிக்கேன். எனக்காவ இனி நடக்க வேண்டாம்."

கோமதித்தாய் முப்பிடாதியம்மாளின் தோளைப் பிடித்து எழுந்தாள். "உங்களுக்குன்னுதான் நேந்தது. இனிமே அத எப்பிடி மாத்த?" என்றாள். "நான் சுத்திட்டு வாரேன். நீங்க இங்கனயே நில்லுங்க."

நர்ஸ் வேண்டாம் என்றதற்கு, மெதுவாகத்தான் நடப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆறுமுகச்சாமி செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றார். கோயிலுக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அங்கே நின்றால் வாசல் வழியாகப் பிரகாரத்தில் ஒரு துண்டு தெரியும். அந்த இடத்தை அவள் மெல்ல மெல்லக் கடந்து போவாள். பிறகு நெடுநேரம் கழித்து மறுபடியும் வருவாள். அவள் வருவது தெரிந்ததும் ஒவ்வொரு முறையும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஒரு தடவைகூட வாசல் பக்கம் திரும்பவில்லை.